சர்வீஸுக்குப் போன புல்லட்

என்னங்க,

கல்யாணமான நாள் முதல் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கூப்பிட்டதும் கூடத்திலிருந்து “ம்” என்று ஒரு சத்தம் வரும். இனி வராது என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள், படிக்கட்டும். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதை நாலு பேர் காதில் விழும்படி சொன்னால்தான் கொஞ்சமாவது மூச்சு விட முடியும் போலிருக்கிறது.

இப்போது வந்தால் மயிலாப்பூரே உங்களுக்கு அடையாளம் தெரியாது. மெட்ரோ வேலைக்காக லஸ் முழுக்கத் தகரம் அடைத்து வைத்திருக்கிறார்கள். கோயிலுக்குப் போக நான் நுழையாத சந்து இல்லை. குமரன் வாரம் தவறாமல் வேளச்சேரியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறான். முன்தலை முடி கொட்டி, பிள்ளை அப்படியே உங்கள் ஜாடைக்கு வந்துவிட்டான். நம் மாடிப்படிக்குக் கீழே இப்போது கீழ்வீட்டுக்காரர் பேட்டரி ஸ்கூட்டர் நிறுத்துகிறார். அது வருவதும் தெரிவதில்லை, போவதும் தெரிவதில்லை.

எனக்கு உங்கள் வண்டிகளின் சத்தம்தான் பழக்கம். தெருமுனையில் திரும்பும்போதே தெரியும், சோற்றை வடிக்கலாமா இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா என்று.

பெண் பார்க்க நீங்கள் வந்ததே ராஜ்தூத் பைக்கில்தான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. டாங்க் மேல் பெரிய தோல் பை, சட்டைப் பையில் சுருட்டித் திணித்த டை. எங்கள் அப்பா உங்கள் வேலையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. “வண்டி சொந்தமா?” என்றுதான் கேட்டார். கல்யாணமான புதிதில் அதில் என்னை மெரினாவுக்குக் கூட்டிப் போனீர்கள். நான் ஒருபக்கமாக உட்கார்ந்து, சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தேன்.

“பிடிச்சுக்கோ சாந்தா.”

“பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“கம்பிய இல்ல.”

கலங்கரை விளக்கம் வரும்வரை நான் கையை மாற்றவில்லை. நீங்களும் திரும்பக் கேட்கவில்லை.

குமரன் வயிற்றில் இருந்தபோது யெஸ்டி வந்தது. வலி எடுத்த அன்று நல்ல மழை. ஒரு ஆட்டோவும் நிற்கவில்லை. என்னை அந்த யெஸ்டியில் உட்கார வைத்துத் திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள். சைக்கிள்காரர்கள் எல்லாம் நம்மைத் தாண்டிப் போனார்கள். “கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!” என்று உங்கள் முதுகில் குத்தினேன். “பள்ளம் இருக்குடி, பள்ளம்!” என்று நீங்களும் கத்தினீர்கள். கால் இரண்டையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஓட்டினீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தால் உங்கள் செருப்பு இரண்டையும் காணோம்.

அவ்வளவு பத்திரமாக ஓட்டியவர் நீங்கள். அதை நான் எப்படி மறந்தேன்?

அப்புறம் ஸ்பிளெண்டர். அது நம் ஓட்டமான காலம். தீபாவளி சமயத்தில் தி.நகர் துணிக்கடையில் பில் போடும் வேலை முடிந்து நான் வெளியே வரும்போது, பனகல் பார்க் ஓரத்தில் அந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டிருப்பீர்கள். ஒரு தடவை தாம்பரத்திலிருந்து வர நேரமாகிவிட்டது. கூட வேலை பார்த்தவர்கள் முன்னாலேயே உங்களைச் சத்தம் போட்டேன். நீங்கள் என் பையை வாங்கி டாங்க் மேல் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினீர்கள்.

ரிட்டயர் ஆன பிறகு புல்லட் வாங்கினீர்கள். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“இந்த வயசுல புல்லட்டா?”

“சின்ன வயசுல முடியல. வயசான பிறகும் வாங்கலன்னா எப்பதான் வாங்கறது?”

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெசன்ட் நகருக்குப் போவோம். கடலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டு, வரும் வழியில் காப்பி. அந்த வண்டியின் சத்தம் அடிவயிற்றில் அதிரும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. உங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

லஸ்ஸில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பூக்காரம்மாவின் கூடை உங்கள் ஹேண்டில்பாரில் மாட்டி, அந்தம்மா கீழே விழுந்துவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் நீங்கள் “எங்கேர்ந்து வந்தாங்க? நான் பார்க்கவே இல்லையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். டாக்டரிடம் போனோம். கண் அழுத்தம் என்றார். பக்கவாட்டில் இருப்பது உங்களுக்குத் தெரிவதில்லை, போன பார்வை வராது, இருப்பதைக் காப்பாற்ற ஆபரேஷன் செய்யலாம் என்றார். இனி வண்டி வேண்டாம் என்று சொன்னபோது தலையை ஆட்டினீர்கள்.

மறுநாள் காலை கீழே புல்லட் சத்தம் கேட்டது.

நீங்கள் திரும்பி வந்ததும் கேட்டேன். “அடையாறு பாலம் வரைக்கும் போனேன். பயப்படாதே, ஓரமாத்தான் போறேன்” என்றீர்கள். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன். சிரித்தீர்கள். தினமும் அந்தச் சத்தம் கேட்கும். பின்கட்டுச் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு, யார் மேலும் இடிக்கக் கூடாதே, உங்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாதே என்று கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வாசல் பக்கம் வந்து பார்க்கும் தைரியம் இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்திருந்தால்!

குமரனுக்குப் போன் செய்தேன். “பேசினா கேக்க மாட்டாரும்மா. யாரையாவது இடிச்சுட்டாருன்னா என்ன பண்ணுவோம்? வித்துடலாம்” என்றான். ஆபரேஷனுக்கு உங்களை உள்ளே கூட்டிப்போன அன்று, குமரன் உங்களோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். நங்கநல்லூரிலிருந்து ஒருவர் வண்டியை வாங்க வீட்டுக்கு வந்தார். நான்தான் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். வண்டியைத் துடைக்கும் மஞ்சள் துணியைக்கூட அவரிடமே கொடுத்துவிட்டேன்.

கண்ணில் கட்டோடு வீட்டுக்கு வந்தீர்கள். கட்டுப் பிரித்ததும் மாடிப்படிக்குக் கீழே பார்த்துவிட்டு, “வண்டி எங்க சாந்தா?” என்று கேட்டீர்கள்.

“சர்வீஸுக்கு விட்டிருக்கு.”

அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு சரளமாக வந்தது! இரண்டு மூன்று நாள் கழித்து வெளியே போய்விட்டு வந்து, நீங்களாகவே சொன்னீர்கள்: “ஏழுமலையைப் பார்த்தேன். ஸ்பேர் கிடைக்கலையாம். நாளாகுமாம்.” குமரன்தான் மெக்கானிக் ஏழுமலையிடம் சொல்லி வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். தப்பித்தோம் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் வெளியே போவது குறைந்தது. ஜன்னல் ஓர நாற்காலிதான். எதைக் கேட்டாலும் “உன் இஷ்டம்” என்பீர்கள். வண்டியைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. அடுத்த மழைக்காலம் வருவதற்குள், ஒரு மத்தியானம், காப்பி கொண்டுவந்து கூப்பிட்டேன். “ம்” வரவில்லை.

உங்கள் வருஷத் திதி முடிந்த பிறகு, நீங்கள் வைத்திருந்த ஸ்பானர் பெட்டியை ஏழுமலைக்குக் கொடுக்கலாம் என்று அவன் ஷெட்டுக்குப் போனேன். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீ வாங்கிக் கொடுத்தான்.

“சார் டெய்லி இங்கதாம்மா குந்திக்கினு இருப்பாரு,” என்றான்.

“எப்போ?”

“புல்லட்டு இருந்தப்போதாம்மா. காலைல தள்ளிக்கினு வருவாரு. கொஞ்ச நேரம் பேசிக்கினு இருப்பாரு. திரும்பத் தள்ளிக்கினு போய்டுவாரு.”

“தள்ளிக்கிட்டா? அவர் அடையாறு வரைக்கும் ஓட்டிட்டு இல்ல போயிட்டிருந்தார்?”

ஏழுமலை என்னை ஒரு மாதிரி பார்த்தான். “இன்னாம்மா சொல்றீங்கோ? அந்தப் பூக்காரம்மா வியுந்துச்சே, அத்தோட சார் வண்டில ஏறவே இல்லம்மா. வீட்டாண்ட ஸ்டார்ட் பண்ணுவாரு. ஏற மாட்டாரு. ஓடற வண்டிய அப்டியே கையால புடிச்சு நடந்துக்கினே தெருமுனை வரைக்கும் வந்து, அங்க ஆஃப் பண்ணுவாரு. நான் போய் ஒரு கை குடுப்பேன். திரும்பப் போறப்பவும் அதே மாறிதாம்மா, தெருமுனைல ஸ்டார்ட் பண்ணிக்குவாரு.”

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். “எதுக்கு ஏழுமலை?”

“நானும் கேட்டேன். ‘சத்தம் கேக்கலன்னா அவ என்னைப் பார்க்கற பார்வையே மாறிடும்டா. ஆபரேஷன் முடியட்டும், நானே சொல்லிடறேன்’னாரு.”

நீங்கள் சொல்லக் காத்திருந்த அந்த நாளில்தான் நான் சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

“சர்வீஸுக்கு விட்டிருக்குன்னு நான் அவர்கிட்ட சொல்லியிருந்தேன். ஸ்பேர் கிடைக்கலன்னு நீயும் சொன்னியாமே?” என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் சொல்லலம்மா. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு நடந்தே வந்தாரு. ‘வண்டி இங்கயா கீது?’ன்னாரு. ‘இல்லியே சார்’ன்னேன். ஸ்டூல்ல குந்திக்கினாரு. அப்பால, ‘வீட்லேர்ந்து யாராச்சும் கேட்டா இங்கதான் கீதுன்னு சொல்லு’ன்னுட்டுப் போய்ட்டாரு.”

அங்கிருந்து எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் பொய் சந்தி சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். “ஏன்டி இப்படிப் பண்ணே?” என்று ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன், நீங்களும் உள்ளதைச் சொல்லியிருப்பீர்கள், நாம் இருவரும் சேர்ந்து அந்த வண்டியை வழியனுப்பியிருக்கலாமே.

குமரனிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். “நல்லவேளை வித்தோம்மா” என்று அவன் அடிக்கடி சொல்வான். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் சொல்லிவிட்டேன்.

“அப்பா ஏம்மா நம்மகிட்ட சொல்லல?” என்றான்.

“நாம அவர்கிட்ட கேட்கலையேடா. எங்கே போறீங்கன்னு கேட்டோம். உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்கலையே.”

“நான்தாம்மா கட்டாயப்படுத்தினேன்.”

“சாவி குடுத்தது நான்.”

ஒரு பழிக்கு இரண்டு பேரும் உரிமை கொண்டாடிக்கொண்டிருந்தோம். பிறகு அவன் நங்கநல்லூர்க்காரருக்குப் போன் செய்தான். வண்டி கை மாறித் திருச்சிப் பக்கம் போய்விட்டதாம். யார் வாங்கினார்கள் என்று அவருக்கே தெரியவில்லை. குமரன் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. அழவிட்டேன்.

இதை இன்றைக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. அடையாறில் என் அக்கா ராஜத்துக்கு மறதி அதிகமாகிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறாள். அவள் பெண் வித்யா நேற்றுப் பேசினாள்.

“ஒரு முதியோர் ஹோம்ல இடம் பார்த்துட்டோம் சித்தி. சொன்னா அம்மா ஒத்துக்க மாட்டா. ஏதோ டெஸ்ட் எடுக்கப் போறோம்னு சொல்லி நீங்க கூட்டிட்டு வந்துடுங்க. நீங்க சொன்னா நம்புவா.”

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய பயம் எனக்குத் தெரியும், நானும் பட்டதுதான். ஆனால் நான் சொன்னால் நம்புவார்கள் என்கிறார்களே, அதுதான் நெஞ்சில் குத்துகிறது. நீங்களும் நம்பியதாகத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வித்யாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை நானே அடையாறு போகிறேன். அக்காவின் எதிரே உட்கார்ந்து உள்ளதைச் சொல்லப் போகிறேன். உனக்கு மறதி வந்திருக்கிறது, பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இப்படி ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள், உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பேன். அவள் அழலாம். என்னை எழுந்து போ என்று சொல்லலாம். அவள் என்ன சொன்னாலும், அவள் வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி. சொன்னதையெல்லாம் மறந்துவிட்டு மறுநாள் அவள் திரும்பக் கேட்டால், சலிக்காமல் மறுபடியும் முதலிலிருந்து உண்மையையே சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டியவள்,
உங்கள் மனைவி
சாந்தா