பேப்பரில் உடையாத டைல்ஸ்

ஜூன் 3, செவ்வாய்
டைல்ஸ் கடையை இந்த ஊருக்கு மாற்றியது லேசான வேலை. மகளை மாற்றுவதுதான் பெரும்பாடு. பத்தாவதில் கணக்கில் எண்பத்து நாலு வாங்கியவள். பதினொன்றில் சேர்க்கப் போனால் பள்ளிக்கூட அலுவலக அம்மா சொல்கிறார்: "வேற மாநிலப் பாடத்திட்டம் சார். பொதுக் கணக்குத் தேர்வு எழுதி அறுபது எடுக்கணும். இல்லைன்னா மறுபடி பத்தாவதுதான்." இரண்டு வாய்ப்பாம். அவர்கள் தராசில் நிறுத்தால்தான் எடையாம்!

ஜூன் 5, வியாழன்
டியூஷன் வாத்தியார் எதற்கு? நான் சொல்லித் தருகிறேன் என்றேன். "நீங்க எட்டாவதே தாண்டலையே," என்றாள் மனைவி. தாண்டவில்லை. ஆனால் அறையை எட்டிப் பார்த்தால் எத்தனை டைல்ஸ் என்று சொல்வேன். எந்த வாத்தியார் சொல்வான்?

ஜூன் 9, திங்கள்
கற்பூரப் புத்தி. என் பெண்ணாச்சே.

ஜூன் 14, சனி
தேர்வு முடிந்தது. "ரொம்ப ஈஸிப்பா, எல்லாம் நம்ம கடைக் கணக்குதான்." கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்
ஐம்பத்திரண்டு.
மகள் சாப்பிடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு பேச்சு: "கிளாஸ்ல எல்லாரும் என்னை அக்கான்னு கூப்பிடுவாங்கப்பா."

ஜூன் 18, புதன்
விடைத்தாளைக் காட்டு என்று சண்டைக்குப் போனேன். கணக்கு வாத்தியார், ஒல்லிக்குச்சி, பொறுமைசாலி. எடுத்து வைத்தார்.
பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, இரண்டடிச் சதுர டைல்ஸ், எத்தனை வேண்டும்? மகள் எழுதியது முப்பத்தாறு.
"முப்பது சார்," என்றார் வாத்தியார்.
"உடைசலுக்குப் பத்து சதவீதம் சேர்த்தா முப்பத்து மூணு. பெட்டிக்கு நாலு. பெட்டியை உடைச்சா விப்பாங்க? ஒன்பது பெட்டி, முப்பத்தாறு. சரியாத்தானே எழுதியிருக்கா?"
"பேப்பர்ல டைல்ஸ் உடையாது சார்."
"இந்தக் கேள்வியை எழுதினவர் வீட்டுக்கு டைல்ஸ் போட்டுப் பார்த்திருக்காரா?"
"நான்தான் எழுதினேன். வாடகை வீடு."
அடுத்தது நாலு சுவரின் பரப்பு. கேட்காமலே கதவு, ஜன்னலைக் கழித்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டியில் மேலே நாலு விரல் விட்டு அளந்திருக்கிறாள். மூன்று கேள்வி, பன்னிரண்டு மதிப்பெண். மூன்றும் என் வாயால் போனவை. படுபாவி, நான்தான் குழந்தையை ஃபெயில் ஆக்கியிருக்கிறேன்.
நேராக வீட்டுக்குப் போய் மகளிடம் ஒப்புக்கொண்டேன்.
"அப்போ நீங்க சொல்லிக் கொடுத்தது தப்பா?"
"கடையில சரி. அங்க தப்பு."
"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"
தெரிந்தால்தானே சொல்ல! இருபது வருஷமாக எல்லாம் தெரிந்தவன் மாதிரியே நடமாடிவிட்டேன். "மன்னிச்சிரும்மா" என்றேன். வாடிக்கையாளரிடம்கூடச் சொல்லாத வார்த்தை.

ஜூன் 19, வியாழன்
டியூஷன் வாத்தியார் வருகிறார். படிக்கிற அறைக்குள் எனக்குத் தடை. உத்தரவு மகளுடையது. கையெழுத்து போடாத குறை.

ஜூன் 24, செவ்வாய்
டீ கொடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். சுவர் கணக்கு. வாய் நமநமவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் நிமிரவே இல்லை: "இது கதவில்லாத சுவருப்பா. போங்க."
கதவில்லாத அறைக்குள் எவன் எப்படிப் போவான்? கேட்கவில்லை. வந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி
இரண்டாவது தேர்வு. வெளியே வந்தவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் ஒரு கடைக்காரன் பேசாமல் இருந்தது உலக அதிசயம்.

ஜூலை 7, திங்கள்
காலையில் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டேன். வாசலில் காவலாளி பதிவேட்டை விரித்துக்கொண்டு, "எந்த வகுப்பு?" என்றார். மகள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.
"பதினொண்ணு!"
தெருவில் நாலு பேர் திரும்பினார்கள். மகள், "அய்யோ அப்பா," என்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.
காவலாளி எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "எனக்குக் காது நல்லாவே கேக்கும் சார்."