எண்ணாமல் விட்ட முதல் ஓட்டம்

மார்ச் 3, செவ்வாய்

ஸ்கேன் மையத்திலிருந்து மறுபடியும் புகார். ஒரு படத்தைத் திறக்க முன்பு எட்டு விநாடி. எங்கள் புதிய கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மைய நிரலை, அங்கே போட்ட பிறகு ஒன்றரை நிமிடம். நோயாளிகள் வரிசையில் காத்திருக்கிறார்களாம். டிஸ்க்கிலிருந்து கோப்பை எடுத்துக் கொடுப்பது கர்னலின் வேலை. அந்த இடத்தில் இந்தப் பதிப்பில் மாறியது ஒன்றே ஒன்று: நான் சேர்த்த பதினொரு வரிகள். மாதக் கடைசியில் என் தகுதிகாண் காலம் முடிகிறது. வைத்துக்கொள்வார்களா?

எங்கள் குழுவில் மூத்தவரான டிஸ்க் அண்ணா (எதற்கெடுத்தாலும் டிஸ்க்கைக் குறை சொல்வதால் வந்த பெயர்) சொன்னார்: "டிஸ்க்குதாம்மா போயிருக்கும். புதுசு வாங்கச் சொல்லு." தலையாட்டினேன். அது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

மார்ச் 4

எங்கள் மெஷினில் அதே கோப்பு பறக்கிறது. பிறகு அங்கே மட்டும் ஏன்?

மார்ச் 5

அம்மாவின் போன். ஃபைல் படிக்க லேட்டாகுது, அதைத்தான் பார்க்கிறேன் என்றேன். "எந்த ஆபீஸ்லடி ஃபைல் சீக்கிரம் நகர்ந்திருக்கு? இதுக்கா நாலு வருஷம் படிச்சே?" சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். பெண் கம்ப்யூட்டருக்கே வைத்தியம் பார்க்கிறாள் என்று அம்மா, தான் வேலை பார்க்கும் தையல் கடை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். வேலை போகலாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 6

பழைய கர்னல் டிஸ்க்கிடம் கேட்பதையெல்லாம் பதிவு செய்து, ஒரு மணி நேரம் வாய் பிளந்து பார்த்தேன். நிரல் ஒரு துண்டு கேட்கிறது. கர்னல் நான்கு கொண்டு வருகிறது. தொடர்ந்து கேட்டால் எட்டு, பதினாறு... கேட்கும் முன்பே நினைவகத்தில் வந்து காத்திருக்கிறது. கோப்பில் இருப்பது எலும்பா இதயமா என்று அதற்குத் தெரியாது. அடுத்து எதைக் கேட்பார்கள் என்று மட்டும் தெரிகிறது! குறிப்பறிவது என்பார்களே, அது இதுதான்.

இதை எழுதியவர்கள் முகம் தெரியாத எத்தனையோ பேர். அவர்கள் வரிகளுக்கு நடுவே என் பதினொன்று. உடம்பு சிலிர்க்கிறது. பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். ஐயோ.

சோதனையை எப்போதும் இரண்டு முறை ஓட்டுவோம். முதல் ஓட்டம் மெஷின் சூடாவதற்கு, அதை எண்ணக் கூடாது. சேர்ந்த அன்றே சொல்லித் தந்த வழக்கம். ஆனால் அந்த முதல் ஓட்டத்திலேயே கோப்பு முழுவதும் நினைவகத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டாவது ஓட்டம் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை! மூன்று மாதமாக நான் எதை அளந்தேன்?

இன்று முதல் ஓட்டத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு விநாடி.

ஸ்கேன் நிரல் கோப்பின் தொடக்கத்தில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு என்று மாறி மாறி வாசிக்கிறது. பழைய கர்னல் இரண்டு இடங்களையும் நினைவில் வைத்திருந்தது. இடம் தாவினால் பழையதை மறந்துவிடு என்கின்றன என் வரிகள். நினைவகம் மிச்சமாகும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தாவலிலும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, பாவம், புதிய கர்னல் முதலிலிருந்து தொடங்குகிறது.

நாளைக் கூட்டத்தில் ஸ்கேன் மையத்தைப் புது டிஸ்க் வாங்கச் சொல்லப் போகிறார்கள். அவர்கள் வாங்கட்டும், நான் சத்தமில்லாமல் திருத்திவிட்டால் — சீ, என்ன புத்தி இது.

மார்ச் 10

கை தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூடத் தூக்கியதில்லை. "டிஸ்க் இல்ல மேடம். நான் எழுதின வரிங்கதான்." முதல் ஓட்டத்தின் எண்களைக் காட்டினேன். டிஸ்க் அண்ணாதான் ஆரம்பித்தார்: "அடப் பாவமே, பத்து வருஷமா இப்படித்தானேம்மா ஓட்டறோம்! நான் டிஸ்க் கால்ல விழணும் போலிருக்கே." எல்லோரும் சிரித்தார்கள். குழுத் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. "முதல்ல சரி பண்ணு. மத்ததை அப்புறம் பேசலாம்."

மார்ச் 12

என் வரிகளைத் திருத்தி ஓட்டினேன். முதல் ஓட்டமே எட்டு விநாடி.

ஏப்ரல் 2, வியாழன்

மாடியில் இருக்கும் குழுவிலிருந்து ஒருவர் லேப்டாப்பைத் திறந்தபடியே என் மேசைக்கு வந்தார். "நெட்வொர்க்ல ஃபைல் படிக்கிறது இழுத்துக்கிட்டே கிடக்குங்க. இங்க தப்பா வரி எழுதி, அதைத் தானே கண்டுபிடிச்சவங்க ஒருத்தங்க இருக்காங்களாம், அவங்களைப் பிடின்னு உங்க மேடம் சொன்னாங்க. நீங்களா?"

"நான்தான்," என்றேன். "உக்காருங்க."