ஏழாம் எண் படம்

மௌலா அலி,
2.6.2025

அன்புள்ள ஜெஸ்ஸி அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு நர்ஸ் அனுப்பும் கம்பெனி ஆரம்பித்துவிட்டேன். பெயர் ‘லூர்துமேரி’. அம்மாவைப் பார்த்துக்கொண்ட வித்யாலட்சுமிதான் முதல் நர்ஸ். உப்பல் ரோட்டில் போர்டு வைக்க ஒரு படம் வேண்டும். விளம்பரத்துக்கென்றே விற்கும் ஸ்டாக் படங்களைத் தேர்ந்தெடுப்பது உன் தொழிலாயிற்றே, பார்த்து அனுப்பு.

அம்மா போய் ஐந்து மாதம். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். வேறொன்றும் எழுத வரவில்லை.

அன்புடன்,
கோபி

டொரொன்டோ,
5.6.2025

அன்புத் தம்பி கோபிக்கு,

ஏழு படங்கள் இணைத்திருக்கிறேன். எண்ணைச் சொன்னால் போதும்.

ஆபீசில் முக்கியமான வேலை என்று அடக்கத்துக்குக்கூட நான் வரவில்லை. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நன்றாகத் திட்டி ஒரு கடிதம் எழுதேன்டா. எனக்குத் தாங்கவில்லை.

உன் அக்கா,
ஜெஸ்ஸி

மௌலா அலி,
9.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

படங்கள் கிடைத்தன. முதல் படத்து நர்ஸ் நகம் வளர்த்திருக்கிறாள். அந்த நகத்தோடு யாருக்கும் உடம்பு துடைத்துவிட முடியாது. மூன்றில் படுக்கை கசங்கவே இல்லை. ஐந்தில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு பாட்டி பல் தெரியச் சிரிக்கிறாள், நர்ஸும் சிரிக்கிறாள். வித்யாலட்சுமியிடம் காட்டினேன். “கைக்கு அண்ணா, எதுக்கு இப்படிச் சிரிக்கிறாங்க? பேஷன்ட் வீட்டுல நான் இப்படிச் சிரிச்சா நாளைக்கே வேணாம்னுடுவாங்க” என்றாள்.

ஏழு பரவாயில்லை. முகம் கிடையாது, கோத்துக்கொண்ட இரண்டு பேர் கைகள் மட்டும்.

கோபி

டொரொன்டோ,
11.6.2025

அன்புள்ள கோபி,

ஏழு வேண்டாம். யார் கைகளோ. அதே படத்தை நாளைக்கு இன்சூரன்ஸ்காரனும் போடுவான். அம்மா பெயரில் கம்பெனி, அம்மா கையே இருக்கட்டும். மூன்று வருஷம் முன்பு நான் வந்தபோது அத்தான் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். நானும் அம்மாவும் கை கோத்திருப்பது. முகங்களை வெட்டிவிட்டேன். இதையாவது நான் செய்கிறேனே.

ஜெஸ்ஸி

மௌலா அலி,
20.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் படம் அழகாக இருக்கிறது. பத்திரமாக வைத்திருக்கிறேன். போர்டுக்கு ஏழையே வாங்கிவிட்டேன். நேற்று மாட்டினார்கள்.

உன்னிடம் சொல்லாதது ஒன்று. அம்மா போன அன்று மத்தியானம் நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. “ஜெஸ்ஸி வந்துட்டாளா?” என்று கேட்டிருக்கிறாள். “ஹவ் அம்மா, ஆமா, நான்தான்” என்று வித்யாலட்சுமி கையைக் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பி வந்தபோது அம்மா போய்விட்டாள். கையை மட்டும் விடவில்லை. நாங்கள்தான் பிரித்து எடுத்தோம்.

அதனால் போர்டில் யாரோ ஒருத்தியின் கை இருப்பதுதான் சரி என்று பட்டது.

திட்டச் சொன்னாய். பத்து நாளாக உட்கார்ந்து பார்த்தேன், கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அதுவரை கடிதம் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்காதே.

கோபி