பொன்னியின் கைத்தட்டல்

ஆடி, செவ்வாய்க்கிழமை. இரவு.

முனியாண்டி அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜப்பான்காரன் போடும் சயாம் ரயில்பாதை வேலைக்குத்தான். இங்கிருந்து போனவர்களில் ஒருவரும் இதுவரை திரும்பவில்லை.

ரப்பர் மரம் சீவிவிட்டு வந்து, கிழங்கை வேகவைத்து, தாயில்லாத மகள் பொன்னியைக் குளிப்பாட்டியபின், அந்தியில் மிஞ்சும் கொஞ்ச நேரத்தில்தான் நான் ஓடிப் பழகுகிறேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள கிணற்றிலிருந்து காட்டோரம் வரைக்கும். ஜப்பான்காரன் லாரி மேடேறி வந்து நிற்பதற்குள் காட்டுக்குள் மறைந்துவிட வேண்டும். நானும் போய்விட்டால் பிள்ளைக்கு யார்? அவள் பின்வாசற்படியில் உட்கார்ந்து கை தட்டுவாள். அவளுக்கு அது விளையாட்டு. பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் பார்த்துச் சிரிப்பார். "லாரியோட போட்டி போடுறியா? போய்ப் படுலா."

இன்று மத்தியானம் தோட்டத்துக்கு வரும் லாபு ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டது. ஓடினேன். இவ்வளவு வேகமாக நான் ஓடியதே இல்லை. அண்ணனும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தார். பொன்னி வழக்கம்போல் கை தட்டினாள். லயத்தின் முன்பக்கம் இறங்கிய சிப்பாய்கள் அந்தச் சத்தம் கேட்டுப் பின்பக்கம் வந்தார்கள். நான் அதற்குள் புதருக்குள் போயிருந்தேன். அண்ணன் இன்னும் வெட்டவெளியில் இருந்தார்.

இருட்டியபின் வீட்டுக்கு வந்தேன். பொன்னி மடியில் ஏறிக்கொண்டு உரக்கக் கேட்டாள்.

"இன்னிக்கு நீதானேப்பா ஜெயிச்ச? பெரியப்பா தோத்துட்டாரு."

அவள் வாயைப் பொத்தினேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் அண்ணி அழுதுகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.