குருப்பட்டத்துக்கு வந்த ஹேவாஹெட்ட வேன்

கண்டி
18.10.2025

அன்பு மகன் யோகராஜுக்கு,

நீயும் மருமகள் நிஷாந்தினியும் குழந்தை ஜெனிஷாவும் சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், மழை தொடங்கியதும் அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் கூடியிருக்கிறது. கனடாவில் இப்போது குளிராக இருக்கும், குழந்தையின் காதை மூடி வையுங்கள்.

இந்த வருஷம் குருமடத்தில் ஒன்று முடிய ஒன்று விசேஷம்தான், குசினியில் எங்களுக்கு அடுப்பு ஆறவில்லை. பெப்ரவரியில் ஐம்பதாவது ஆண்டு விழா, நானூறு பேருக்குச் சமைத்தேன், பருப்பில் உப்புக் கூடிவிட்டது, சாமிமார் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மே மாதம் புது நூலகம் திறந்தார்கள். ஜூலையில் அதிபர் மாறினார், வந்தவருக்குச் சீனி வருத்தம், அவருக்குத் தனியாகக் குரக்கன் ரொட்டி சுடுகிறேன். உனக்கு லத்தீன் படிப்பித்த வயதான சாமி ஓகஸ்டில் இறந்துபோனார், அவருக்காக ஒரு செபம் சொல்.

செப்டெம்பரில் உன்னோடு படித்த மூன்று பேருக்குக் குருப்பட்டம். இதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை. நீ குருமடத்தை விட்டு ஐந்து வருஷமாகியும் ஹேவாஹெட்டயில் இருக்கும் சொந்தக்காரரிடம் நீ ரோமாபுரியில் சாமிக்குப் படிக்கிறாய் என்றே சொல்லி வந்தேன். வரட்டுமா என்று நீ கேட்டபோதெல்லாம் டிக்கட் விலை, அம்மாவின் சுகயீனம் என்று தட்டிக்கழித்ததும் அதனால்தான். அந்த மூவரில் ஒருவர் ஹேவாஹெட்டப் பிள்ளை, அங்கே தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் அறிவித்திருக்கிறார்கள். உனக்கும் அன்றைக்குத்தான் பட்டம் என்று நினைத்து என் தங்கச்சி பாலம்மா, உன் அத்தை, பதினான்கு பேரோடு வேன் பிடித்து மாலையும் கையுமாக வந்து இறங்கிவிட்டாள். நான் சோற்றுக் கரண்டியோடு நிற்கிறேன். நம்ம சாமி எங்கண்ணே, கைய முத்தி செய்யணும் என்கிறாள். அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாருக்கும் முன்னால் உள்ளதைச் சொல்லி, போனில் உன் கல்யாணப் படத்தையும் குழந்தையின் படத்தையும் காட்டினேன். அத்தை போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளைய மறைச்சு வைக்க ஒனக்கு எப்படிண்ணே மனசு வந்திச்சு என்று கேட்டாள். மாலையை அந்த ஹேவாஹெட்டப் பிள்ளைக்குப் போட்டுவிட்டு, எல்லாரும் சாப்பிட்டுப் போனார்கள்.

வெட்கப்பட வேண்டியது நீ இல்லை மகன், நான்தான். மன்னித்துக்கொள். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மூவரும் வந்துவிடுங்கள், இனி நான் சாக்குச் சொல்ல மாட்டேன். நேற்று ஜெனிஷாவுக்கு இரண்டு வயது முடிந்ததல்லவா, காலைப் பூசைக்கு உங்கள் மூவரின் பெயரும் கொடுத்தேன். அதிபர் சத்தமாக வாசித்தார். அம்மா அழுதாள், நானும்தான்.

ஆண்டவர் உங்களைக் கண்போலக் காப்பாராக. ஒன்றை மறக்காதே, பேஸ்புக்கில் குழந்தையின் படம் போட வேண்டாம் என்று உன்னைத் தடுத்திருந்தேன். இனிப் போடு. அத்தை ஒவ்வொரு நாளும் தேடிப் பார்க்கிறாளாம்.

உன் அப்பா,
சவரிமுத்து