தொலைபேசி அறையில் மீண்டும் ஆள் அமர்த்தக் கோரி

அனுப்புநர்:
பால்மாடு வளர்ப்பவன்,
கால்வாய்க் கரைத் தெரு, கடைசி வீடு,
அணைக்கு மேற்கே உள்ள சிற்றூர்.

பெறுநர்:
முதல்வர் அவர்கள்,
பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

பொருள்: மருத்துவமனைத் தொலைபேசி அறையில் பணியிலிருந்த ஆபரேட்டரை மாற்றிவிட்டு இயந்திரக் குரல் வைத்தது குறித்துப் புகார் – மீண்டும் ஆள் அமர்த்த வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: என் மனைவியின் உள்நோயாளிக் கோப்பு, கை அறுவை சிகிச்சைப் பிரிவு.

மதிப்பிற்குரிய அய்யா,

1. நான் ஆறு மாடுகளை வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவன். எங்கள் ஊரிலிருந்து தங்கள் மருத்துவமனை நூற்றுப்பத்து கிலோமீட்டர். ஊருக்கு ஒரு செவிலியர் வாரம் இருமுறை வருவார். அதற்கு மேல் எது வந்தாலும் எங்களுக்குத் தங்கள் வாசல்தான். புகார் எழுத உட்கார்ந்தவன் கும்பிட்டுவிட்டுத் தொடங்குவது முறையா என்று தெரியவில்லை. ஆனால், நடந்ததைச் சொல்லாமல் புகாரை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும்.

2. ஆறு மாதங்களுக்கு முன் ஒரு நாள், காலை ஆறரை மணி. என் மனைவி தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் சோளத்தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். திடீரென்று இயந்திரத்தின் சத்தம் மாறியது. திரும்பிப் பார்த்தால், அவள் வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணிக்கட்டோடு கை முடிந்திருந்தது. அவள் கத்தவில்லை. "மிஷின நிறுத்துங்க" என்றாள், அவ்வளவுதான்.

3. முன்பொரு முறை கண் சிகிச்சைக்கு வந்தபோது கொடுத்த புறநோயாளி அட்டையில் தங்கள் தொலைபேசி எண் இருந்தது. அதற்குப் பேசினேன். பேசினேன் என்பதுகூடச் சரியில்லை. "கை, கை" என்று உளறினேன். மறுமுனையில் ஒரு பெண் குரல். "அண்ணா, நான் லைன்லதான் இருக்கேன், எங்கயும் போகல. யாருக்கு அடிபட்டிருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். அடுத்து அவர் கேட்டதை உயிருள்ளவரை மறக்க மாட்டேன்: "அந்தக் கை இப்ப எங்க இருக்கு?"

அய்யா, அவர் கேட்கும்வரை அந்தக் கையைத் தேட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. போனது போனதுதான் என்று நினைத்திருந்தேன். நறுக்கிய தட்டுக் குவியலுக்குள் கைவிட்டுத் தேடி எடுத்தேன். இன்னும் சூடாக இருந்தது.

4. கை அறுவை சிகிச்சை மருத்துவர் அப்போது வேறொரு நோயாளியோடு இருந்தாராம். அந்த அம்மா ஒரு காதில் அவரையும் மறு காதில் என்னையும் வைத்துக்கொண்டு, அவர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் எனக்குச் சொன்னார். வெட்டுப்பட்ட இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். துண்டான கையை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாய் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைக்கச் சொன்னார். "ஐஸ் நேரா பட்டுடக் கூடாதுண்ணா. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் விட்டார்.

5. ஐஸுக்கு எங்கே போவது? எங்கள் தெருவில் அந்நேரத்துக்கு மீன் வண்டி வரும். ஓட்டுபவரை ஐஸ்பெட்டி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். விஷயம் தெரிந்ததும் அன்றைய மீனையெல்லாம் எங்கள் வாசலிலேயே கொட்டிவிட்டு, "ஏறுங்க" என்றார். வழிநெடுக அரைமணிக்கு ஒருமுறை அந்த அம்மா கூப்பிட்டு, எங்கே வந்துகொண்டிருக்கிறோம் என்று கேட்டார். ஒருமுறை என் மனைவியிடமே பேசினார். என்ன பேசினார் என்று அவள் இன்றுவரை சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். 

6. ஒன்பதே முக்காலுக்கு வந்து சேர்ந்தோம். வாசலிலேயே தள்ளுவண்டியும் இரண்டு ஊழியர்களும் ஒரு மருத்துவரும் நின்றிருந்தார்கள். எங்களுக்காகவா என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். "மீன் நாத்தம் அடிக்கும், மன்னிச்சுக்கோங்க டாக்டர்" என்று ஐஸ்பெட்டி கூச்சத்தோடு கை இருந்த மீன் பெட்டியை நீட்டினார். அந்த மருத்துவர் அதைப் பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டு ஓடினார்.

7. பத்து மணி நேரம் அறுவை சிகிச்சை நடந்தது. முடியைவிட மெல்லிய நூலால், நுண்ணோக்கி வழியே பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு இரத்தக் குழாயாக, ஒவ்வொரு நரம்பாகத் தைத்தார்களாம். மறுநாள் அவளைப் பார்க்க விட்டபோது, கட்டுக்கு வெளியே ஐந்து விரல் நுனிகள் தெரிந்தன. செவிலியர் ஒரு விரல் நுனியை அழுத்தினார். வெளுத்தது. விட்டார். மெல்லச் சிவந்தது. "பாத்தீங்களா, ரத்தம் ஓடுது" என்றார். மாடு கன்று போடுவதை நூறு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இன்னொரு முறை அழுத்திக் காட்டச் சொல்லிக் கேட்டேன்.

8. ஒரு வாரம் கழித்துப் பேராசிரியர் மாணவர்களை அழைத்துக்கொண்டு வந்தார். "உங்க கையப் பசங்களுக்குக் காட்டலாமாம்மா?" என்று அனுமதி கேட்ட பிறகே கட்டைத் தொட்டார். பிறகு அந்த மாணவர்களிடம் சொன்னார்: "நான் தச்சது பாதிதான். மீதி ஃபோன்லயே நடந்துடுச்சு. அந்தக் கேள்வியக் கேக்கலைன்னா எனக்கு இங்க வேலையே இல்ல." ஒரு மாணவி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன்.

9. அதைக் கேட்டதும் அந்த அம்மாவை நேரில் பார்க்க வேண்டும் என்று தரைத்தளத்துக்கு இறங்கினேன். தொலைபேசி அறை பூட்டிக் கிடந்தது. "அந்தம்மாவ முந்தாநாள்தான் வேற ஊர்க் கிளைக்கு மாத்திட்டாங்கய்யா. இனிமே மிஷினே பேசும்" என்றார் காவலாளி. பேராசிரியருக்கே அது தெரியவில்லை. இதிலிருந்துதான் என் புகார் தொடங்குகிறது.

10. கடந்த மாதம் என் தங்கையின் கணவரைக் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தது. தங்கை அதே எண்ணுக்குப் பேசினாள். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று ஒன்பதுவரை சொன்னதாம். பாம்புக்கு எந்த எண் என்று அதில் இல்லை. அவள் எதையோ அழுத்த, "தவறான தேர்வு, நன்றி" என்று இணைப்பு அறுந்தது. நான்கு முறை முயன்றாள். நன்றி மட்டும் நான்கு முறையும் தவறாமல் வந்தது. பிறகு தனக்குத் தெரிந்தபடி கயிற்றால் காலை இறுக்கிக் கட்டிக் கூட்டிவந்தாள். மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் கயிறு கட்டிய இடத்தில் சதை செத்துவிட்டது. இன்னும் ஆறாவது வார்டில் படுத்திருக்கிறார். "கட்டக் கூடாதுன்னு ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே" என்று என் தங்கை கேட்கிறாள். அதையே நான் தங்களிடம் கேட்கிறேன்.

11. தங்கள் மருத்துவமனையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செத்த கையில் இரத்தம் ஓட வைத்த இடம் அது. என் மனைவி இப்போது பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துப் பொத்தான் போட்டுக்கொள்கிறாள். வெந்நீர் சுடுகிறது என்று கையை இழுத்துக்கொள்கிறாள். அவள் "சுடுது" என்று கோபிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பாக வருகிறது. அதற்கும் திட்டு வாங்குகிறேன். இவ்வளவு பெரிய வித்தை தெரிந்தவர்கள் இருக்கும் இடத்துக்கு, நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவன் வந்து சேர ஒரே ஒரு கதவு அந்தத் தொலைபேசி. அதைச் சாத்திவிட்டார்கள் என்பதே என் புகார்.

12. ஆகவே, தொலைபேசி அறையில் எல்லா வேளையும் ஒரு மனிதர் இருக்கும்படி ஆணையிட வேண்டுகிறேன். இயந்திரமும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அழுகிறவர் கூப்பிட்டால் எடுக்க ஓர் ஆள் வேண்டும். என் தங்கைக்கு நேர்ந்ததையும் விசாரிக்க வேண்டும்.

13. கடைசியாக ஒன்று. இதைப் புகாரில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அந்த ஆபரேட்டர் அம்மாவின் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. எந்த ஊர்க் கிளையில் இருக்கிறார் என்று கேட்டால் அலுவலகத்தில் சொல்ல மறுக்கிறார்கள். நாங்கள் வாசலை அடைந்ததோடு அவருக்கு எங்கள் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தாங்கள் சொல்லிவிட வேண்டுகிறேன். கை பிழைத்துவிட்டது என்று ஒரு வரி போதும்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
பால்மாடு வளர்ப்பவன்

இடம்: ஆறாவது வார்டின் வெளி வராந்தா
நாள்: இம்மாதம் பதினான்காம் தேதி