ஞாயிற்றுக்கிழமை எடுத்த இரண்டாவது நத்தை

என் செல்லத் தம்பி லூர்துவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. புதுத் துறைமுகத்தில் பெரிய பெரிய கப்பல்கள் வந்து நிற்கின்றன. சிப்பிக்குள் மணியை வைத்து ஆய்வுக்கூடத்திலேயே முத்து விளைவித்துவிட்டார்கள். "அப்போ இனி முத்துக் குளிக்க நாங்க எதுக்குக்கா?" என்று சிரித்திருப்பாய். கேட்க நீ இல்லையே, தம்பி.

உன் நத்தையின் சேதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன இடத்தில், ஓடில்லாத நத்தை ஒன்றைக் கண்டு, விலங்கியல் படிப்பிக்கும் அக்காவுக்கு ஆகுமென்று டப்பாவில் கொண்டுவந்தாயே. "எக்கா, மாதா சேல கணக்கா என்னா நீலம் பாரு!" என் கைக்கு எட்டிய புத்தகம் எதிலும் அது இல்லை. புது இனம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். தன் பேரைத் தானே சூட்டிக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமில்லை. அதனால் உன் பேரை வைக்கிறேன், அச்சில் வரும்வரை யாரிடமும் மூச்சு விடாதே என்றேன். நீ அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

ஒன்றை வைத்து எழுதினால் சந்தேகப்படுவார்கள், இன்னொன்று வேண்டும் என்றேன். வாரநாளெல்லாம் உனக்குச் சர்க்காருக்குச் சங்கெடுக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை நம்மவர் யாரும் கடலில் இறங்குவதில்லை. "பூசைக்கு வராம கடலுக்குப் போனா அம்மா கொன்னுருவா எக்கா" என்றாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்த முகத்துக்காகத்தான் போனாய், துணைக்கு ஆளில்லாமல்.

மறுநாள் கரை ஒதுங்கினாய். இடுப்பில் கட்டியிருந்த டப்பாவில் இரண்டாவது நத்தை இருந்தது. யாரும் பார்க்குமுன் அவிழ்த்து ஒளித்துவைத்தேன். எப்படி முடிந்தது என்னால்?

ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் சங்கு திருடப் போனான், ஆண்டவர் விடுவாரா என்று ஊர் பேசியது. அம்மா தலைகுனிந்தே கோயிலுக்குப் போய்வந்தாள். நான் வாய் திறக்கவில்லை. உன் பேர் அச்சில் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன், கோழை.

போன வாரம் சென்னைக்குப் போய்ப் பழைய நூல்களைப் புரட்டினேன். முதலில் செய்திருக்க வேண்டிய வேலை. முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பார்களைப் பார்வையிட வந்த வெள்ளைக்காரர் ஒருவர், நூறு வருஷத்துக்கு முன்பே இந்த நத்தையைப் புட்டியில் போட்டுச் சீமைக்குக் கொண்டுபோய்ப் பேர் வைத்துவிட்டார். சாராயத்தில் ஊறி நிறம் போனதைப் பார்த்து 'வெளிறியது' என்று எழுதியிருக்கிறார். என் ஜாடியிலும் அது வெளிறித்தான் கிடக்கிறது. விலங்கியலில் முதலில் வைத்த பேர்தான் நிற்கும். அவருக்காக மூழ்கி எடுத்தவன் யாரென்று அந்த நூலில் இல்லை. அவனும் நம் தெருக்காரனாக இருந்திருக்கலாம்.

இல்லாத ஒன்றுக்காக உன்னைக் கொடுத்துவிட்டேன், தம்பி.

நேற்று அம்மாவின் முன்னால் ஜாடியை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஏளா, அப்போ எம்புள்ள திருடப் போவலையா?"

"இல்லம்மா. நாந்தான் அனுப்புனேன்."

"இத ஏழு மாசமாவா வச்சிருந்த?"

ஜாடியை என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அடித்திருந்தால் தேவலை.

வரும் ஞாயிறு பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது, கோயில் வாசலில் நின்று இந்தக் கடிதத்தை உரக்கப் படிப்பேன். உன்னைக் கள்ளன் என்ற வாய்கள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அம்மா என் பக்கத்தில் வந்து நிற்பாளா, தெரியாது. நிற்காவிட்டாலும் கடைசி வரி வரைக்கும் படிப்பேன், கையெழுத்தையும் சேர்த்து.

உன்னைக் கடலுக்கு அனுப்பிய அக்கா,
ரோஸ்லின்